ஆதரவு இல்லத்தின் படுக்கையறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைக்கலாமா?

அல்சூர்வாசி:
மனநலச் சிகிச்சை முடிந்தும் வீடு திரும்ப இயலாத ஐந்து பெண்களுக்காக, பெங்களூரு அல்சூரில் எங்கள் அறக்கட்டளை ஒரு வாடகை வீட்டைச் சீரமைத்து வருகிறது. அவர்களில் சிலர் குடும்ப வன்முறைக்கு ஆளாகித் தெருவிலும் வாழ்ந்தவர்கள். பாதுகாப்பை முன்னிட்டு, படுக்கையறைகளுக்கு உள்தாழ்ப்பாள் கூடாது, நடைவழியில் கேமரா வேண்டும் என்று எங்கள் குழுவில் சிலர் வற்புறுத்துகிறார்கள். மனவடுவை, அதாவது பட்ட கொடுமைகள் மனத்தில் விட்ட காயத்தை, கருத்தில் கொண்ட வடிவமைப்பில் இதற்கு இடமுண்டா? சுவர்களுக்கு ஏற்ற நிறத்தையும் கூறுங்கள்.

கட்டடக் கலைஞர்:
நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இரவில் யாரோ அறைக்குள் நுழைந்த அனுபவம் உள்ளவருக்குத் தாழிட முடியாத கதவு இருந்தால் உறக்கமே வராது. உள்ளே தாழிட்டாலும் அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய, குளியலறைகளுக்கென விற்கப்படும் பூட்டுகளைப் பொருத்துங்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கிடந்தாலும் திறக்கலாம். படுத்தபடியே வாசல் தெரியுமாறு கட்டிலைப் போடுங்கள். கூடத்திற்கு இரண்டு வழிகள் இருப்பின், மனம் கலங்கியவர் எவரையும் கடக்காமல் விலகிச் செல்ல முடியும். மனவடு குறித்து அமெரிக்க அரசின் மனநலச் சேவை நிர்வாகம் 2014-இல் வெளியிட்ட ஆறு கோட்பாடுகளில் பாதுகாப்பும் தெரிவுரிமையும் ஒருசேர இடம்பெறுகின்றன. உங்கள் குழுவோ ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிக்கப் பார்க்கிறது.

சமூகப் பணியாளர்:
பாதுகாப்பு என்ற பெயரில்தான் ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் தீயில் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். ஜன்னல் கிரில்களில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்குமாறு செய்யுங்கள். கேமரா தெருவாசலோடு நிற்கட்டும். அதை யார் பார்க்கிறார்கள் என்பதையும் அப்பெண்களிடம் சொல்லிவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்திலிருந்து பிரிக்கப்படாமல் வாழும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. ஆகவே வாசலில் அறக்கட்டளையின் பெயர்ப்பலகையும் வேண்டாம்.

மீண்டவள்:
இத்தகைய இல்லம் ஒன்றில் நான் வசிக்கிறேன். பினாயில் வாடையும் இரைச்சலிடும் ட்யூப்லைட்டும் என்னை மீண்டும் வார்டுக்கே கொண்டுபோய்விடுகின்றன. படுக்கையருகே எனக்கெனத் தனி விளக்கும் ஸ்விட்சும், சாவியுடன் ஓர் அலமாரியும் கிடைத்தபின்தான் பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கினேன். நிறத்தை அந்த ஐவரிடமே கேளுங்களேன்.

அல்சூர்வாசி:
நன்றி. வண்ணப்பூச்சை நிறுத்தி வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறன்று ஐவரும் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். வாடகை வீட்டில் கதவைத் திருப்பி மாட்ட உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் வேறு வழி உண்டா?

கட்டடக் கலைஞர்:
நிலைச்சட்டத்தில் கதவை நிறுத்தும் சிறு கட்டையை அவசரத்தில் கழற்றும்படி அமைத்தால், அதே கதவு இருபுறமும் திறக்கும். அதற்கேற்ற கீல் வேண்டும். தச்சரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.