ஆக்டேவியா விஆர்எஸ்ல இன்டர்கூலர் மாத்தலாமா? மதியம் ஆனா வண்டி மந்தமாயிருது

வைகைக்கரை_டர்போ:
அண்ணன்மாருக்கு வணக்கம். நம்ம வண்டி ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 2.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், கம்பெனி கணக்குல பவர் 230 பிஎஸ், செகண்ட்ஹேண்ட்ல எடுத்து ரெண்டு வருசமாச்சு. ஐப்பசில ஸ்டேஜ் 1 டியூன் (பார்ட்ஸ் எதையும் மாத்தாம சாஃப்ட்வேர்ல மட்டும் பவர் ஏத்துறது) போட்டேன், மார்கழில சும்மா பறந்துச்சு, இப்ப கத்திரி ஆரம்பிச்சதுல இருந்து மதியம் கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னு நின்னு வந்து ரிங் ரோடு ஏறுனா, எம்புட்டு மிதிச்சாலும் பின்னாடி அஞ்சு மூட்டை அரிசி ஏத்துன மாதிரி இழுக்குது. அதே வண்டி காலைல 6 மணிக்கு நல்லாத்தான் இருக்கு. வண்டி கம்ப்யூட்டர் ரீடிங்க காட்டுற ஓபிடி ஸ்கேனர மாட்டிப் பாத்தேன், வெளிய 39 டிகிரி, சீரா 80 ஸ்பீடுல போறப்ப இன்ஜினுக்குள்ள போற இன்டேக் காத்து 57 டிகிரி, சிக்னல்ல 66, மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா 78 வரைக்கும் ஏறுது. பெரிய இன்டர்கூலர் எறக்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு, கஸ்டம்ஸ், ஃபிட்டிங் எல்லாம் சேத்து லட்சத்துக்கு மேல போகுது. போடலாமா?

பைபாஸ்_மாப்ள:
போடு மாப்ள, யோசிக்காத. டர்போ காத்த அமுக்குறப்பவே அது நூறு டிகிரிய தாண்டிரும், அத ஆத்தி அனுப்புறதுதான் இன்டர்கூலர் வேலை. காத்து 10 டிகிரி கொறஞ்சா அடர்த்தி சுமாரா 3 சதவீதம் கூடும், அதவிட முக்கியம் நாக் ஆகாது, அதாவது சூட்டுல பெட்ரோல் தாறுமாறா வெடிக்காது. நாக் ஆனா ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டரு, ஸ்பார்க் நேரத்த பின்னாடி தள்ளிரும், நீ சொல்ற மந்தம் பூரா அதுனாலதான். இந்த வண்டில கம்பெனி இன்டர்கூலரு ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு கெடக்கு, ஏசி ஓடுனா கண்டன்சர் சூடு பூரா அது மேலதான். இன்டர்கூலர்ல ரெண்டு வகை இருக்கு. பார் அண்ட் பிளேட் வாங்குனா வெயிட் ஜாஸ்தி, ரெண்டு மூணு தடவ தொடர்ந்து மிதிச்சாலும் தாங்கும், ஆனா ஒரு தடவ சூடாயிருச்சுன்னா ஆற நேரம் எடுக்கும். டியூப் அண்ட் ஃபின் லேசு, காத்து பின்னாடி ரேடியேட்டருக்கும் நல்லா போகும். நம்ம ஊரு டிராஃபிக்குக்கு நான் டியூப் அண்ட் ஃபின்தான் சொல்வேன்.

பழைய_பட்டறை:
தம்பி, லட்சம் ரூவாய எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. சிக்னல்ல 66 வர்றது சரி, நிக்கிற வண்டிக்கு காத்து எங்கிருந்து வரும், எவ்ளோ பெரிய இன்டர்கூலர் போட்டாலும் அங்க சூடு ஏறத்தான் செய்யும். ஆனா 80 ஸ்பீடுல சீரா போறப்ப வெளிய விட 18 டிகிரி ஏன் கூட இருக்கு? அது பத்துக்குள்ள இருக்கணும். முன் பம்பர எப்பயாச்சும் கழட்டுனியா? உள்ள ரெண்டு பக்கமும் காத்த கூலருக்குள்ள திருப்பி விடுற பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும், டிங்கரிங் பெயிண்டிங் பண்றவிங்க அத திருப்பி மாட்டாமலே விட்ருவாய்ங்க. வாய்க்கா கரை ஒடஞ்சா தண்ணி வயலுக்கா போகும், பள்ளம் பாத்துத்தான் ஓடும், காத்தும் அப்டித்தான், கூலர சுத்திக்கிட்டு சைடுல போயிரும். அப்புறம் டர்போ அமுக்குன காத்து எங்கயாச்சும் கசியுதான்னு பூஸ்ட் லீக் டெஸ்ட் ஒண்ணு போட்டுரு, ஓஸ் கிளாம்ப் லூசா இருந்தா டர்போ கூடச் சுத்தும், காத்து இன்னும் சூடாகும். பூச்சி, மண்ணு அடச்சிருந்தா மெதுவா தண்ணி விட்டு கழுவச் சொல்லு, பிரஷர் வாஷர கிட்ட வச்சு அடிச்சா கூலர்ல இருக்குற மெல்லிசான ஃபின் தகடு பூரா மடங்கிரும்.

இன்னொண்ணு, மூணாவது கியர் டெஸ்டெல்லாம் ரிங் ரோட்டுல வேணாம்யா, எந்த லாரி எங்கிட்டு திரும்பும்னே தெரியாது. கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்குக்கு போ.

வைகைக்கரை_டர்போ:
பட்டறை அண்ணே, கால்ல விழுந்துட்டேன். தை மாசம் ஒரு பைக்குக்காரன் இடிச்சு பம்பர் பெயிண்ட் அடிச்சோம், இன்னைக்கு கழட்டிப் பாத்தா இடது பக்கம் தடுப்பே இல்ல, வலது பக்கத்துது ஒரே கிளிப்புல தொங்குது. அட்டைய வெட்டி டேப் ஒட்டி சும்மா மறச்சுப் பாத்தேன், மதியம் வெளிய அதே 39 டிகிரில, 80 ஸ்பீடுல போறப்ப 49 டிகிரிதான் காட்டுது. முழுசா மிதிச்சா இப்பயும் 70 டிகிரி போகுதுண்ணே, அது டியூனுக்கு கம்பெனி கூலர் பத்தலதான் போல.

பைபாஸ்_மாப்ள:
அதத்தான நானும் சொன்னேன் 😄

பழைய_பட்டறை:
சரி சொன்னே, யாரு இல்லேன்னா. மொதல்ல தடுப்ப வாங்கி மாட்டு, 95 ஆக்டேன் பெட்ரோல் ஊத்து, அது சீக்கிரம் நாக் ஆகாது, அப்புறம் ஓபிடில ரீடிங் பதிவு (லாக்) எடுத்துட்டு வா, கூலர் கதைய பேசுவோம். மாட்றப்ப பக்கத்துலயே நில்லு, கிளிப்பு ஒடஞ்சா கேபிள் டை போட்டு கட்டி அனுப்பிருவாய்ங்க.