டர்ன்அரவுண்ட்: மீட்சியா, மீட்பா?

டர்பனிலிருந்து, கணக்காயர்:

வணக்கம். நட்டத்தில் கிடந்த நிறுவனம் இலாபத்துக்கு வருவதைச் சொல்லும் ‘டர்ன்அரவுண்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள ‘திருப்பம்’ போதாது; இலாபத்திலிருந்து நட்டத்துக்குப் போவதும் திருப்பம்தான். போதாக்குறைக்கு, எங்கள் துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கி ஏற்றிப் புறப்பட ஆகும் நேரத்துக்கும் இதே ஆங்கிலச் சொல்தான். ‘நிறுவன மீட்பு’ என்று வைக்கலாமா?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து, கடன் சீரமைப்புத் துறை:

ஐயா, ‘மீட்பு’ வேண்டாம்; ‘மீட்சி’ என்று வைக்கலாம். நம் தென்னாப்பிரிக்காவின் 2008 நிறுவனச் சட்டத்தின் 6ஆம் அத்தியாயத்தில், நெருக்கடியில் உள்ள நிறுவனத்தைச் சீரமைக்க வகுத்த நடைமுறையான ‘பிசினஸ் ரெஸ்கியூ’வுக்கு ‘மீட்பு’ என்ற சொல் தேவைப்படும். 2019 டிசம்பரில் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் போனது அந்த வழியில்தான். அதைச் ‘சட்டவழி மீட்பு’ என்போம்.

இதைவிடப் பெரிய காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘நிறுவனம் மீண்டது’ தன்வினை. ‘அவர் மீட்டார்’ பிறவினை. மீட்பு என்றதுமே மீட்டவர் ஒருவர் உண்டு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மீண்டதில் தலைமைச் செயல் அதிகாரிக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணக்குப் போட்ட பிறகுதான் சொல்ல முடியும்.

ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு. கீழே வரும் மதிப்புக் குறைப்பையும் ஒதுக்கத்தையும் சேர்க்காமல் 4 கோடி ராண்ட் நட்டம், மறு ஆண்டு 3 கோடி இலாபம். மாற்றம் 7 கோடி. விளைபொருள் விலை ஏறியதாலும் ராண்ட் சரிந்ததாலும் வந்தது 2.5 கோடி; போட்டி நிறுவனங்களின் இலாப விகிதம் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் இது பிடிபடும். அடுத்தது தேய்மானம், அதாவது ஆலையின் மதிப்பை அது ஓடும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டுச் செலவாக எழுதுவது. புதிய தலைமைச் செயல் அதிகாரி வந்த அந்த நட்ட ஆண்டிலேயே, இன்னும் 10 ஆண்டு ஓடக்கூடிய 10 கோடி ராண்ட் ஆலையின் மதிப்பை 4 கோடியாகக் குறைத்திருப்பார். ஆண்டுத் தேய்மானம் 1 கோடியிலிருந்து 40 இலட்சமாகும். ஒரு பொருள்கூடக் கூடுதலாக விற்காமல் ஆண்டுதோறும் 60 இலட்சம் இலாபம்! அதே ஆண்டில் சீரமைப்புக்கென்று மிகையாக ஒதுக்கியதில் 1.2 கோடி மறு ஆண்டு திரும்பி வரவாகிறது. கடன்காரர்கள் விட்டுக்கொடுத்த வட்டி 1 கோடி. இவை போக நிற்பது 1.7 கோடி.

அந்த ஒதுக்கமும் மதிப்புக் குறைப்பும் சேர்ந்து, வெளியிட்ட அறிக்கையில் பழைய நட்டத்தையும் 4 கோடிக்கு மேல் ஊதிக் காட்டியிருக்கும். ஆகவே முதல் ஆண்டின் அடிக்குறிப்புகளைப் படிக்காமல் இரண்டாம் ஆண்டைப் புகழக் கூடாது. ஆளை மாற்றுவதே பெரும்பாலும் மிக மோசமான ஆண்டில்தான் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குப் பின் யார் அமர்ந்தாலும் எண்கள் கொஞ்சம் தேறும்.

டர்பனிலிருந்து:

அம்மா, சொல்லை ஏற்கிறேன். வட்டியைக் கழித்ததை ஏற்க முடியவில்லை. கடன்காரர்களை இணங்க வைப்பதே கடினமான வேலை. சட்டவழி மீட்பில்கூடத் திட்டம் நிறைவேற, வாக்களித்த கடன்காரர்களின் வாக்குமதிப்பில் 75% ஆதரவு வேண்டும். அந்த ஒரு கோடியை யார் பேசி வாங்கினார் என்று கேட்க வேண்டும். ஜப்பானியக் கார் நிறுவனமான நிசானில் 1999இல் பிரான்சின் ரெனோ போட்ட பணம், அதைச் சீரமைக்க வந்த கார்லோஸ் கோன் சம்பாதித்ததல்ல. ஆனால் ஐந்து ஆலைகளை மூடவும் கொள்முதல் செலவை 20% குறைக்கவும் இலக்கு வைத்து நடத்தியது அவருடைய பொறுப்பில்தான்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

சரிதான். பேசியவர் நிதித் தலைவராக இருந்தால் பெயர் அவருக்குப் போக வேண்டும். ஆப்பிளுக்கு 1996இல் பங்காக மாற்றத்தக்க பத்திரங்கள் மூலம் 66.1 கோடி டாலர் திரட்டியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்திருக்கவில்லை. நிதித் தலைவர் ஃபிரெட் ஆண்டர்சன் இருந்தார். அந்தப் பணம் இல்லையென்றால் பின்னால் வந்தவருக்குக் கால அவகாசமே கிடைத்திராது.

ஆகவே இரண்டு பதிவுகள் போடலாம்:

நிறுவன மீட்சி: நட்டத்திலிருந்த நிறுவனம் நிலையான இலாபத்துக்கு வருதல், காரணம் எதுவாயினும்.

மீட்புப் பங்கு: மீட்சியில் சந்தை, கணக்குமுறை, முன்னவர் செயல் ஆகியவற்றால் வந்தது போக, குறிப்பிட்ட ஒருவரின் முடிவுகளால் விளைந்த பகுதி.

‘மீட்பர்’ என்று மட்டும் எங்கும் சேர்க்காதீர்கள், ஐயா. அது தேவாலயத்துச் சொல்.