ஹாப், லீப், ஜம்ப், ஸ்கிப்: நான்குக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம். குழந்தைகளின் உடலசைவுத் திறனைச் சோதிக்கும்போது பயன்படும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

மோட்டார் ஸ்கில் என்பதற்கு 'இயக்கத்திறன்' சரி. பெருந்தசை, நுண்தசை என்ற பிரிவும் ஏற்கெனவே புழங்குகிறது. அதைக் கிளற வேண்டாம். தலைவலி அதற்குக் கீழேதான்.

டேல் உல்ரிச் உருவாக்கிய டிஜிஎம்டி என்ற பெருந்தசை இயக்க வளர்ச்சிச் சோதனை 3 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. 2000இல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 திறன்கள். அவற்றில் ஆறு இடம்பெயர்வு வகை, அதாவது ஓரிடத்திலிருந்து நகர்ந்து செய்பவை. ஓட்டத்தை விட்டால் மற்ற ஐந்தும் வம்பு. குதி, தாவு, துள்ளு என்று அகராதிகள் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகின்றன. ஆனால் இந்தச் சோதனை குழந்தை எவ்வளவு தூரம் போனது என்று அளப்பதில்லை. எப்படிச் செய்தது என்று பார்த்து, கூறுகூறாக 1 அல்லது 0 போடுகிறது. எந்தக் காலில் எழும்பி எந்தக் காலில் இறங்குகிறது என்பதே முக்கியம். சொல்லையும் அதை வைத்தே பிரிக்கலாம்.

ஜம்ப்: இரு காலில் எழும்பி இரு காலில் இறங்குவது. குதித்தல்.
லீப்: ஒரு காலில் எழும்பி மறு காலில் இறங்குவது. தாவல். (தாண்டல் வேண்டாம், பள்ளி விளையாட்டு விழாவின் நீளம் தாண்டுதலோடு மோதும்.)
ஹாப்: எழும்பிய காலிலேயே இறங்குவது. நொண்டுதல். பாண்டி ஆடிய யாருக்கும் விளக்கவே வேண்டாம்.
கேலப்: ஒரே கால் எப்போதும் முன்னே. குதிரையோட்டம்.

மூன்றாம் பதிப்பில் லீப் போய் ஸ்கிப் வந்திருக்கிறது. ஓர் எட்டு வைத்து, அதே காலில் ஒரு தத்து, உடனே கால் மாற்றம். 'ஸ்கிப்பிங்' என்றாலே நம் ஆட்களுக்குக் கயிறுதான் நினைவுக்கு வரும் என்பதால் 'துள்ளுநடை' என்கிறேன்.

நொண்டுதலுக்குக் குழும உறுப்பினர் ஒருவரின் மறுப்பு:

> நொண்டுதல் வேண்டாம் ஐயா. நான் இயன்முறை மருத்துவம் பார்க்கிறவள். எங்கள் குறிப்பில் 'நொண்டுகிறான்' என்றால் காலில் கோளாறு என்று பொருள். நன்றாகச் செய்த பிள்ளையின் தாளில் 'நொண்டுதல்: முழு மதிப்பெண்' என்று பார்த்தால் பெற்றோர் பதறிவிடுவார்கள். வசைச்சொல்லாகவும் இருக்கிறது. 'ஒற்றைக்கால் தத்தல்' என்று வைக்கலாமே?

அம்மா சொல்வது நியாயம். தாளில் 'ஒற்றைக்கால் தத்தல்' என்றே போடுவோம். நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. பிள்ளையிடம் பேசும்போது மட்டும் 'நொண்டியடிச்சுக் காட்டு' என்பதை விட்டுவிட மனமில்லை. மூன்று வயதுக்காரியிடம் 'ஒற்றைக்காலில் தத்து' என்றால் நம் முகத்தைத்தான் பார்ப்பாள். எப்படியும் சோதிப்பவர் முதலில் செய்து காட்டிவிட்டுத்தான் பிள்ளையைச் செய்யச் சொல்ல வேண்டும். அதனால் வாய்மொழி ஊருக்கு ஊர் மாறினாலும் மதிப்பெண் கெடாது.

மிச்சம் ஸ்லைட். 'சறுக்கல்' என்று எழுதியவர் பூங்காச் சறுக்குமரத்தை நினைத்திருப்பார் போல. இது பக்கவாட்டில் எட்டு வைத்து, பின்கால் முன்காலைத் தொட வர, லேசாக எழும்பி நகர்வது. 'பக்கநகர்வு' என்று போட்டுப் பார்த்தேன், உயிரே இல்லை. கபடி ஆடுகிறவர்கள் கோட்டோரம் இப்படித்தான் பக்கவாட்டில் போவார்கள். அவர்களிடம் ஒரு சொல் இருக்குமே, யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்.