மூடியில் இரண்டாவது துளை

அக்கா: வீட்டுப்பாட நோட்டின் மேல் மறுபடியும் தண்ணீர் கொட்டிவிட்டது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. மூடியில் துளை போட்டு ஸ்ட்ரா செருகிய ஜாடி ஒன்றை நாமே செய்ய முடியுமா?

சித்தப்பா: தாராளமாக. திருகு மூடியுள்ள ஜாடி, ஒரு ஸ்ட்ரா, ஸ்ட்ராவை மூடித் துளையில் இறுக்கிப் பிடிக்க வெளிப்புறம் சுற்றிலும் பள்ளம் ஓடும் ரப்பர் வளையம் ஒன்று, அவ்வளவுதான். துளையை அந்தப் பள்ளத்தின் அளவுக்குப் போட வேண்டும். வளையத்தின் வெளி விளிம்பை அளந்து நான் ஒரு மூடியை வீணாக்கியிருக்கிறேன்.

அத்தை: வயர் நுழைக்கும் ரப்பர் வளையமா? அது வாயில் படும் இடத்துக்கு ஆகாதே.

சித்தப்பா: சரியாகச் சொன்னாய். உணவுக்கு ஏற்ற சிலிக்கான் வளையமே வேண்டும். ஸ்ட்ராவும் சிலிக்கானாக இருக்கட்டும். உலோக ஸ்ட்ராவோடு குழந்தை தடுக்கி விழுந்தால் வாயைக் கிழித்துவிடும்.

நான்: டிரில் என்னிடம் இருக்கிறது. மூடிக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் துளைத்துத் தருகிறேன்.

சித்தப்பா: துளைத்ததும் பிசிறை அரத்தால் தேய்த்துவிடு. தகர மூடி என்றால் துளையின் ஓரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடியே மேல்.

*மாலை 6.40*

அக்கா: செய்துவிட்டோம். நாலு மடக்கு நன்றாக வந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் வரவில்லை. கன்னம் ஒட்டிப்போனதுதான் மிச்சம்.

நான்: ஸ்ட்ராவின் அடி ஜாடியின் தரையில் ஒட்டியிருக்குமோ? நுனியைச் சாய்வாக வெட்டிப் பார்.

அக்கா: வெட்டியாயிற்று. அதே கதைதான்.

சித்தப்பா: காற்றுக்கு வழி விட்டாயா?

அக்கா: ஒழுகக் கூடாது என்றுதானே இத்தனை இறுக்கமாக மூடினோம்!

சித்தப்பா: அங்கேதான் சிக்கல், அம்மா. தண்ணீரை மேலே ஏற்றுவது வாய் மட்டுமல்ல. வாயில் அழுத்தம் குறையும்போது ஜாடிக்குள் இருக்கும் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. நீ குடிக்கக் குடிக்க உள்ளே இடம் கூடுகிறது, காற்றோ அதே அளவுதான். அழுத்தம் குறைந்து, தள்ளுவதற்கு வலுவில்லாமல் போகிறது. மூடியின் ஓரத்தில் 1 மி.மீ. துளை ஒன்று போடு.

அத்தை: நான் ஒரு முறை இப்படி மூடிய ஜாடியில் சூடான தண்ணீர் ஊற்றினேன். ஸ்ட்ரா வழியாகத் தானே பீறிட்டு வந்தது. அதற்கும் இதுதான் காரணமா?

சித்தப்பா: ஆமாம், சூட்டில் காற்று விரிந்து தள்ளியிருக்கிறது. துளை இருந்தாலும் சூடானது எதையும் இதில் ஊற்ற வேண்டாம். சோடாவும் கூடாது.

நான்: அந்தத் துளை வழியாக ஒழுகாதா?

சித்தப்பா: கொஞ்சம் சொட்டும். கவிழ்ந்த கணத்தில் குபுகுபுவென்று கொட்டாது, நிமிர்த்த நேரம் கிடைக்கும். பைக்குள் படுக்க வைத்தால் பை நனையத்தான் செய்யும்.

*இரவு 8.15*

அக்கா: துளை போட்டாயிற்று, தண்ணீர் தடையில்லாமல் வருகிறது. சின்னவன் துளையை விரலால் மூடுவதும் திறப்பதுமாக, வருவோர் போவோரை எல்லாம் உறிஞ்சச் சொல்கிறான். வீட்டுப்பாடம் இன்னும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.