இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு மாதக் கரண்டு 600 யூனிட்டைத் தாண்டுகிறது, தொட்டியிலும் தண்ணீர் நிற்பதில்லை. எங்கிருந்து பார்ப்பது?

கோட்டையூர் மருமகள்

வணக்கம். கோட்டையூரில் எங்களுடையது பழைய வளவு வீடு, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும். வீட்டுக்காரர் வெளிநாட்டில். மாமியாரும் நானும் மட்டும்தான் இருக்கிறோம். போன தடவை கரண்டு கணக்கெடுத்தபோது 640 யூனிட். அதற்கு முந்தின தடவையும் 600க்கு மேல்தான். ஏசி ஒரே ஓர் அறையில் இருக்கிறது, அதையும் சித்திரை வைகாசியில்தான் போடுவோம்.

மற்றபடி இருப்பவை: பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, பழைய ஃபேன்கள், கீசர், இன்வெர்ட்டர், கிணற்றில் 1 ஹெச்பி மோட்டார். மேலே 1000 லிட்டர் சின்டெக்ஸ். ராத்திரி நிரப்பினால் காலையில் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. முன்பெல்லாம் அரை மணியில் நிறையும். இப்போது ஒன்றரை மணி நேரம் ஓடவிட வேண்டியிருக்கிறது, அதுவும் தினமும். ஒவ்வொரு தடவையும் மோட்டாரில் தண்ணீர் ஊற்றித்தான் போடுகிறேன்.

குரங்குத் தொல்லைக்காக முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டிருக்கிறோம். அதிலிருந்து வளவில் புழுக்கம். பகலிலேயே லைட்டும் ஃபேனும் ஓடுகின்றன. பெரிய செலவு வைக்காமல் எதை முதலில் சரி பண்ணலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி வயர்மேன்

வணக்கம் ஆச்சி. புதுசாக எதையும் வாங்குவதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 என்று எழுதியிருந்தால், 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம்.

வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இன்வெர்ட்டரை மட்டும் அப்படியே விடுங்கள். ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் எத்தனை செகண்டு ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 1125ஐ அந்தச் செகண்டால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடுகிற வாட்ஸ் வந்துவிடும். ஒரு பழைய ஃபேன் மட்டும் ஓடினால் சுமார் 15 செகண்டுக்கு ஒரு மினுக்கு, அதாவது 75 வாட்ஸ். (3200க்குப் பதில் வேறு எண் இருந்தால் சொல்லுங்கள், கணக்கு மாறும்.)

அடுத்து இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். மரச்சட்டத்தில் ஓடுகிற பழைய வயரிங் உள்ள வீடுகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை நீங்கள் தொட வேண்டாம், ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 500 யூனிட்டைத் தாண்டினாலே பில் ஏன் எகிறுகிறது என்றால், தாண்டின யூனிட்டுக்கு விலை கூடுவது மட்டும் காரணமில்லை. 101லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற குறைந்த விலையும் போய்விடும். உங்களுக்கு இப்போதைக்கு 500க்குள் கொண்டுவந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

தண்ணீரை நான் சொல்கிறேன். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அதைத் தாராளமாகச் செலவழித்தாலும் இரண்டு பேருக்கு 270 லிட்டர்தான். 1000 லிட்டர் தொட்டி மூன்று நாளைக்கு மேல் வர வேண்டும். ராத்திரியில் யாரும் புழங்காமலே பாதி இறங்குகிறது என்றால் நிச்சயம் எங்கோ ஒழுகுகிறது.

படுக்கப் போகும்போது தொட்டியிலிருந்து கீழே இறங்குகிற குழாயின் வால்வை மூடிவிட்டு, காலையில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறையாவிட்டால் ஒழுக்கு வீட்டுக்குள்ளேதான். அப்படியானால் கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து சொட்டு நீலம் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வாசர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் ராத்திரி முழுக்கப் போகும் அது. குழாய் சொட்டினால் காதில் விழும், இது விழாது.

ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டார் போட வேண்டியிருக்கிறது என்றால் கிணற்றுக்குள் இருக்கிற ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை. உறிஞ்சுகிற குழாயின் இணைப்பில் காற்று வாங்கினாலும் தொட்டி நிறைய நேரமாகும். 1 ஹெச்பி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஆகிறது. தண்ணீர் ஒழுகுவதும் கரண்டு ஒழுகுவதும் உங்கள் வீட்டில் ஒன்றுதான்.

கோட்டையூர் மருமகள்

இரண்டு பேர் சொன்னதையும் பார்த்துவிட்டேன். மீட்டரில் 3200தான் எழுதியிருக்கிறது. எல்லாம் நிறுத்தி, இன்வெர்ட்டர் மட்டும் இருக்கும்போது 9 செகண்டுக்கு ஒரு மினுக்கு. இன்வெர்ட்டரையும் பிடுங்கினால் மினுக்கவே இல்லை.

வால்வை மூடிவைத்தால் தொட்டி மட்டம் அப்படியே நிற்கிறது. இரண்டாம் கட்டுக் கக்கூஸில் பீங்கான் முழுக்க நீலம். மாமியார்தான் முதலில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள்.

அண்ணே, 9 செகண்டு என்றால் 125 வாட்ஸ் வருகிறதே, சரிதானா? கரண்டு போகாத நேரத்திலும் இன்வெர்ட்டர் இவ்வளவு இழுக்குமா?

காரைக்குடி வயர்மேன்

கணக்கு சரிதான் ஆச்சி. நல்ல பேட்டரி நிறைந்துவிட்டால் அதற்கப்புறம் கொஞ்சமாகத்தான் இழுக்கும். உங்களுடையது நிறையவே மாட்டேன் என்கிறது. 125 வாட்ஸ் இருபத்து நான்கு மணி நேரமும் என்றால் ஒரு நாளைக்கு 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 180. மோட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 270 ஆகிறது. உங்கள் 640இல் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த இரண்டில்தான் போகிறது.

பேட்டரியை மேலாகத் தொட்டுப் பாருங்கள். எப்போதும் சூடாக இருக்கிறதா? மிதவைகள் கீழே இறங்கிக் கிடக்கின்றனவா? அப்படியென்றால் தண்ணீர் குறைவு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், ஆர்ஓ தண்ணீர் ஆகாது. ஊற்றி இரண்டொரு நாள் கழித்தும் அதே 9 செகண்டு என்றால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. பழசைக் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கு முன்பு போல அவ்வளவு பெரிய பேட்டரியும் தேவையில்லை.

சென்னைவாசி, பூர்வீகம் கானாடுகாத்தான்

இவ்வளவு சுற்றுவதற்குப் பேசாமல் மாடியில் சோலார் போட்டுவிடலாமே? 2024இலிருந்து மத்திய அரசு மானியம் தருகிறது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். ஃபேன் எல்லாவற்றையும் குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேனாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

காரைக்குடி வயர்மேன்

சோலார் நல்லதுதான், நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் ஒழுகுகிற பேட்டரிக்கும் ஒழுகுகிற வாசருக்கும் சேர்த்துப் பேனல் வாங்கக் கூடாது. நாட்டு ஓட்டுக் கூரையில் பேனலும் நிறுத்த முடியாது, தளம் போட்ட இடம் வேண்டும். நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் மீட்டர் இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கிறது, வீடு பங்காளிகளுக்குப் பொது. அந்தக் காகிதமெல்லாம் சரியாகாமல் மானியத்துக்குப் போனால் அலைச்சல்தான்.

ஃபேனில் நாள் முழுக்க ஓடுகிறதை மட்டும் மாற்றுங்கள். 75 வாட்ஸ் போய் 30 ஆகும். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். முகப்பில் விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேனுக்கு அது தேவையே இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி

ஆத்தா, எல்லாரும் மீட்டரைப் பார்க்கிறார்கள், நான் உன் முற்றத்தைப் பார்க்கிறேன். அந்த ஷீட்டை முதலில் எடு.

நம் வீட்டுச் சுவர் கனம், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, மேலே அடுக்கடுக்காக நாட்டு ஓடு. கீழே ஆத்தங்குடிக் கல் பகலிலும் குளுகுளுவென்று இருக்கும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பது காற்று ஓடுவதற்குத்தான். உள்ளே சேருகிற சூட்டுக் காற்று மேலே ஏறி முற்றத்து வழியாக வெளியே போக வேண்டும். அந்த வாயை ஷீட் வைத்து அடைத்தால் சூடு எங்கே போகும்? வெளிச்சமும் போச்சு, மழைத் தண்ணீரும் போச்சு.

குரங்குக்கும் திருட்டுக்கும் இரும்புக் கம்பி வலை போதும். எங்கள் வீட்டில் வலை மட்டும்தான். ஐப்பசி கார்த்திகையில் சாரலடித்து வளவு நனைகிறது என்று பயந்தால், ஷீட்டை ஆங்கிள் வைத்து இரண்டு மூன்றடி மேலே தூக்கிப் போடச் சொல். சுற்றிலும் திறப்பு இருக்கட்டும், அதிலும் வலை அடித்துவிடலாம். இருந்தாலும் எனக்கு எடுத்துவிடுவதுதான் சம்மதம்.

மழை பெய்தால் முற்றத்து நாலு மூலையிலும் தகரக் குழாய் வழியாகக் கொட்டும், கீழே அண்டா வைத்துப் பிடிப்போம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே தனி, கேஸும் மிச்சம். நிறைந்தது போக மீதி சாக்கடை வழியாக ஊருணிக்குப் போகும். இப்போது ஊருணிக்குப் போகிற வழியெல்லாம் அடைந்து கிடப்பதால் நாங்கள் கிணற்றுக்குத் திருப்பிவிட்டோம். கிணற்றில் மட்டம் ஏறினால் மோட்டாருக்கும் சுமை குறையும்.

வெந்நீருக்குப் பின்கட்டில் பழைய செம்புப் பாய்லர் இருக்கிறதா பார். சிரட்டையும் தென்னை மட்டையும் போட்டால் போதும், கீசர் சும்மா கிடக்கும்.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

ஆச்சி சொன்னதற்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். முற்றத்தைப் பார்த்துச் சரிகிற கூரை 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். 25 மில்லிமீட்டர் பெய்கிற ஒரு மழைக்கு 2,500 லிட்டர், தெறித்ததும் ஓடு குடித்ததும் போக 2,000 கிடைத்தாலும் உங்கள் இரண்டு பேருக்கு ஒரு வாரத் தண்ணீர். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். நம் வீடுகளில் அதற்கான வேலை பாதி முன்பே கட்டி வைத்ததுதான்.

கோட்டையூர் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. ஃப்ளஷ் வாசர் மாற்றியாகிவிட்டது. தொட்டி இப்போது காலையிலும் நிறைந்தே இருக்கிறது. ஃபுட் வால்வும் மாற்றியாயிற்று, தண்ணீர் ஊற்றாமலே மோட்டார் எடுக்கிறது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் 9 செகண்டு மாறவில்லை, சின்னதாக ஒன்று சொல்லியிருக்கிறேன். ஷீட்டை எடுக்க மாமியார் உடனே சரி என்றார்கள். வலை அடிக்க வெல்டிங் ஆள் வந்து அளவெடுத்துவிட்டார்.

ஒரே சந்தேகம். மழைத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடும்போது அப்படியே விடலாமா? ஓட்டில் புறா எச்சம் நிறைய.

பள்ளத்தூர் ஆச்சி

அப்படியே விடாதே ஆத்தா. குழாய் கிணற்றுக்குப் போகிற வழியில் ஒரு தொட்டி கட்டு. அடியில் பெரிய கல், அதன் மேலே ஜல்லி, அதன் மேலே ஆற்று மணல். மணல் மேலே ஒரு நைலான் வலை விரித்துவை, சருகு அதிலேயே நிற்கும். தொட்டிக்கு முன்னால் குழாயில் ஒரு டீ (T) இணைப்புப் போட்டு அடைப்பான் வை. முதல் இரண்டு மழையைத் திறந்து வாழைக்கு விட்டுவிடு, ஓடு கழுவினதும் கிணற்றுக்குத் திருப்பு. வருஷா வருஷம் ஆவணியில் மேல் மணலை மட்டும் அள்ளிக் கழுவிப் போட்டால் போதும். குடிக்கிறதற்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக்கொள்.

காரைக்குடி வயர்மேன்

பேட்டரி மாற்றினதும் அதே மாதிரி செகண்டு பார்த்து எழுதுங்கள் ஆச்சி. முதல் நாள் சார்ஜ் ஏறும், அதைப் பார்க்க வேண்டாம். மூன்றாம் நாள் பாருங்கள்.