கைப்பட ஜைன் செய்தேன், காதுகுத்து நோட்டீஸ் மாதிரி இருக்கிறதாம். என்ன தப்பு?

முள்ளுக்கத்திரி:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரிக்காரி, முறையாக வரையக் கற்றவள் இல்லை. நம்ம ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பேச்சு உண்டே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று, அதை வைத்து ஏ5 அளவில் (ஏ4 தாளில் பாதி) 16 பக்கம் ஒரு ஜைன் செய்தேன். (ஜைன் தெரியாதவர்களுக்கு: பழைய கையெழுத்துப் பத்திரிகை மாதிரிதான், எழுதுவது, வரைவது, விற்பது எல்லாம் ஒரே ஆள்.) பென்சிலில் ஷேடிங் கொடுத்து வரைந்து, கலர் கலராக ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் இரட்டைக் கோட்டில் பார்டர், மூலையில் பூ. 20 காப்பி ஜெராக்ஸ் போட்டால் ஷேடிங் எல்லாம் அழுக்குத் துணி மாதிரி விழுந்திருக்கிறது, பார்டர் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுவிட்டது, மஞ்சளில் எழுதியது காணவே காணோம். தோழியிடம் காட்டினேன், "எங்க மாமா வீட்டு காதுகுத்துக்கு இதே மாதிரிதான் அடிச்சாங்க" என்றாள். இதற்கு அடிப்படை என்று ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சென்டர்பின்:
குடியாத்தத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் 11 வருடம் இருந்தவன் நான், அதனால் ஜெராக்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த மெஷினுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் நன்றாகத் தெரியும், நடுவில் இருக்கிற சாம்பல் நிறத்தில்தான் தடுமாறும். அதனால் ஷேடிங்கை மறந்துவிட்டு நிழலைக் கறுப்புப் பேனாவில் கோடாகவோ புள்ளியாகவோ போடுங்கள், கோடு நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம், அவ்வளவுதான். பெரிய இடத்தை முழுக்கக் கறுப்பாக அப்பினாலும் திட்டுத் திட்டாகத்தான் விழும். ஓரத்தில் சுமார் அரை சென்டிமீட்டர் வரை பல மெஷின்கள் அச்சடிக்காது, உங்கள் பார்டர் வெட்டுப்பட்டது அதனால்தான், கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

ஒரு வழி சொல்கிறேன். ஏ4 தாளில் பெரிதாக வரைந்து 71 சதவீதத்துக்குக் குறைத்து ஏ5 ஆக்குங்கள். கை நடுங்கிய இடமெல்லாம் குறைப்பதில் மறைந்துவிடும். ஆனால் எழுத்தும் சேர்ந்தே குறையும் இல்லையா, நம்ம ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும், அதனால் மெல்லிய முனையில், நினைப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். வரிக்கு வரி இடைவெளியும் தாராளமாக விடுங்கள், மேல் வரியில் மு, மூ என்று கீழே இறங்குகிற சுழியும் கீழ் வரியில் கி, கீ என்று மேலே ஏறுகிற வளைவும் முட்டிக்கொள்ளும். வலது ஓரத்தையும் நேராக நிறுத்தியே தீருவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், ஏ5 அகலத்துக்குள் அதை இழுத்துக் கட்டினால் நடுவில் பொத்தல் பொத்தலாக இடம் விழும்.

அகழிக்கரை:
அண்ணன் ஜெராக்ஸைச் சொல்லிவிட்டார். நான் அந்த காதுகுத்துக்கு வருகிறேன், உங்கள் தோழி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நோட்டீஸில் எல்லாமே கத்தும், தெய்வத்தின் பெயர், தாய்மாமன் பெயர், மண்டபத்தின் பெயர், ஒன்றை விட்டால் சொந்தத்தில் சண்டை வரும் என்பதால் அங்கே அது நியாயம். ஜைனில் உங்களை யார் கேட்கப் போகிறார்கள்? பக்கத்துக்கு ஒன்றே ஒன்று பெரிதாக இருக்கட்டும், கண் முதலில் அங்கே போகட்டும், அப்புறம் மீதி. தூரத்தில் வைத்து, கண்ணை லேசாக இடுக்கிப் பாருங்கள், எது முதலில் தெரிகிறதோ அதுதான் நீங்கள் பெரிதாக நினைத்ததா என்று. இல்லை என்றால் மற்றதைச் சின்னதாக்குங்கள், இதை இன்னும் பெரிதாக்க வேண்டாம்.

இன்னொன்று, நாலு பேச்சிலும் 'இல்லாத' இருக்கிறது, நீங்களோ ஒரு இன்ச் விடாமல் நிரப்பியிருக்கிறீர்கள்! தண்ணி இல்லாத ஆற்றுக்கு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிரித்தால் வெறும் வெள்ளைத் தாள், கீழ் ஓரத்தில் பாலாற்றுப் பாலத்தின் தூண்கள் மட்டும் சின்னதாக, போதும். ஆனால் 2021 நவம்பரில் அதே ஆற்றில் வெள்ளம் வந்ததை நாம் எல்லோரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோமே, அடுத்த விரிப்பில் கோட்டு மேல் கோடாக, மெஷின் அடிக்கிற ஓரம் வரைக்கும் தண்ணீர். முந்தைய பக்கம் காலியாக இருந்தால்தான் இந்தப் பக்கம் பொங்கும். தனித்தனிப் பக்கமாக யோசிக்காமல், திறந்தால் சேர்ந்து தெரிகிற இரண்டையும் ஒரே படமாக யோசியுங்கள், திருப்பும்போது என்ன தெரியப்போகிறது என்பதையும்.

விஷயத்திலும் ஒன்று. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இலேயே சாமி வந்தாயிற்று. ராஜா இல்லாத கோட்டை என்கிறோம், கண்டியின் கடைசி ராஜாவை வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது இங்கேதான், 1832இல் இறந்ததும் இங்கேதான். அந்தப் பேச்சை அப்படியே படமாக்காமல் பேச்சோடு சண்டை போடுங்களேன்.

சென்டர்பின்:
சண்டை போடட்டும், முதலில் டம்மி (வெறுந்தாளில் ஒரு மாதிரிப் புத்தகம்) மடிக்கட்டும். நாலு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பென்சிலில் 1 முதல் 16 வரை நம்பர் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித் தாளின் ஒரே முகத்தில் 16ம் 1ம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அதன் பின்னால் 2ம் 15ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும், வராவிட்டால் எங்கோ மாறிவிட்டது. பார்டரை எடுத்துவிடுங்கள். எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம், தாள் ஒரு மில்லிமீட்டர் கோணலாக மடிந்தாலும் பார்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

முள்ளுக்கத்திரி:
அக்கா, அண்ணா இரண்டு பேருக்கும் நன்றி. ராஜா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, வெட்கமாக இருக்கிறது. பார்டர் போடவே மூன்று ராத்திரி ஆனது, அதையும் எடுத்துவிடுகிறேன் (கொஞ்சம் அழுதுவிட்டு). ஒரே ஒரு சந்தேகம், என் ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டவில்லை.

கோணிஊசி:
நூல் போடுங்கள், பின்னைவிட அழகு. மடிப்பில் மூன்று ஓட்டை. நடு ஓட்டையில் உள்ளேயிருந்து வெளியே, மேல் ஓட்டை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. இரண்டு நுனியும் அந்த நீளத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இருக்க வேண்டும், அதன் மேல் முடிச்சு. அட்டைக்கு சார்ட் என்றால் தீர்ந்துபோன ரீஃபிலால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடியுங்கள், வெடிக்காது. அப்புறம், எனக்கு ஒரு காப்பி எடுத்து வையுங்கள், காட்பாடி பக்கம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

முள்ளுக்கத்திரி:
டம்மி மடித்தேன். 17 வந்துவிட்டது. 6ம் 11ம் மட்டும் ஏன் தலைகீழாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.