கத்தார் ஆஃப்ஷோர் ரிக் வேலைக்கு நாலு லட்சம் கட்டலாமா? குமரி எல்லைக்காரங்க சொல்லுங்க

பளுகல் அக்கா:
எனக்க தம்பிக்கு 22 வயசு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிட்டு வீட்டுல இருக்கான். களியக்காவிளைல ஒரு ஏஜென்சியில, கத்தார்ல கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டுற ஆஃப்ஷோர் ரிக்ல ரௌஸ்டபவுட் வேலை இருக்குன்னு சொல்லுதாங்க. நாலு லட்சம் கேக்குதாங்க. போசியட்னு ஒரு பாதுகாப்புக் கோர்ஸும் மெடிக்கலும் அதுல அடக்கமாம். முதல்ல விசிட் விசாவுல போவணும், போன பொறவு கம்பெனி விசாவா மாத்தித் தருவாங்களாம். சாப்பாட்டு அலவன்ஸ், தங்கல் அலவன்ஸ் எல்லாம் சேத்து மாசம் 1,800 ரியால்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கு. அப்பா ரப்பர் விளைய ஈடு வச்சுக் கட்டிருவோம்னு நிக்காரு. சனிக்கிழமைக்குள்ள பாதிப் பைசா கட்டணும். எனக்கு மனசு ஒப்பல்ல. அந்த வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கருங்கல் வெல்டர்:
கட்டாதீங்க அக்கா. நான் வளைகுடாவுல கடல் மேடைகள்ல மெயின்டெனன்ஸ் வெல்டரா இருக்கேன். இப்ப லீவுல ஊர்லதான் இருக்கேன்.

ரௌஸ்டபவுட்ன்னா ரிக் தளத்துல கிரேன் இறக்குற சரக்கைப் பிடிச்சு அடுக்குறது, தளம் கழுவுறது, துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறது, டிரில்லிங் ஆட்களுக்குக் கைகொடுக்கிறது. 12 மணி நேர ஷிப்ட். சான்றிதழ் எதுவும் வேண்டாத வேலை மாதிரி வெளியில இருந்து தெரியும். அதனாலதான் ஏஜென்சிக்காரங்க இந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா ரிக்ல எத்தனை பேர் தங்கலாம்ங்கறது படுக்கையையும் லைஃப்போட்டையும் கணக்குப் பண்ணி முடிவான எண்ணிக்கை. ஒவ்வொரு இடத்துக்கும் கம்பெனி கணக்குப் பார்க்கும். தொழில் கத்துக்க வர்ற பையனுக்கு அங்கே படுக்கை கொடுக்க மாட்டாங்க. தரையில இருக்கிற ரிக்ல வேலை செஞ்சு கை பழகினவனைத்தான் கடலுக்கு ஏத்துவாங்க.

இன்னொண்ணு, விசிட் விசா. கத்தார்ல விசிட் விசாவுல வேலை பார்க்கிறதே சட்டப்படி குற்றம். முறையான வேலை விசான்னா நம்ம நாட்டுலயே கத்தார் விசா சென்டருக்குப் போகணும். கொச்சியிலயும் இருக்கு, சென்னையிலயும் இருக்கு. கைரேகை, மெடிக்கல், ஒப்பந்தத்துல கையெழுத்து மூணும் விமானம் ஏறுறதுக்கு முன்னாடி அங்கேயே நடக்கும். உங்க தம்பிக்கு அந்த சென்டர்ல அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா வேலையே இல்லைன்னு அர்த்தம்.

மார்த்தாண்டம் மச்சான்:
எடுத்த உடனே கட்டாதேன்னு சொல்றது சுலபம் அண்ணே. இதே களியக்காவிளை ரோட்டுல நிக்கிற மாடி வீடுகள்ல எத்தனை பைசா கட்டாமப் போனவன் கட்டினது? நானும் கடன் வாங்கித்தான் சவுதிக்குப் போனேன், ஹெல்பரா. கடனை அடைச்சேன், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன். "அனுபவம் இருந்தாத்தான் எடுப்பான்"னு எல்லாரும் சொல்றீங்க. அந்த முதல் அனுபவத்தை எவன் தருவான்? மாமா, சித்தப்பா யாராவது உள்ளே இருக்கிறவனுக்கு வழி தானா திறக்கும். ஆள் இல்லாதவன் பைசா கொடுத்துத்தான் திறக்கணும்.

போசியட் விஷயத்துலயும் நான் அண்ணன் பக்கம் இல்லை. ஆஃப்ஷோர் விளம்பரம் எதை எடுத்தாலும் "செல்லுபடியாகும் போசியட் கட்டாயம்"னுதான் இருக்கு. அது கையில இல்லாதவனோட பயோடேட்டாவை எவனும் திறந்து பார்க்க மாட்டான். பையன் அதையாவது முடிச்சு வைக்கட்டும்.

கருங்கல் வெல்டர்:
மச்சான், அந்த விளம்பரத்தோட அடுத்த வரியையும் படிங்க. "குறைந்தது மூணு வருஷ அனுபவம்"னு இருக்கும். போசியட் அந்த அனுபவத்துக்கு மேல வைக்கிற காகிதம்.

அது என்னன்னு அக்காவுக்காகச் சொல்றேன். 1988-ல் ஸ்காட்லாந்துப் பக்கம் பைப்பர் ஆல்பா மேடை எரிஞ்சு 167 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் கடல் மேடைப் பாதுகாப்பு விதிகள் ரொம்ப இறுகிப்போச்சு. இப்போ ஒபிட்டோங்கற அமைப்பு வகுத்த பாடத்திட்டப்படி மூணு நாள் பயிற்சி. தீ அணைக்கிறது, முதலுதவி, லைஃப்போட், அப்புறம் ஹெலிகாப்டர் கூடு மாதிரி ஒண்ணுல உட்கார வச்சுத் தண்ணிக்குள்ள கவிழ்ப்பாங்க, ஜன்னலைத் தள்ளித் திறந்து வெளியே வரணும். உயிர் காக்கிற பயிற்சி, அதுல குறையே இல்லை. ஆனா அதுல தொழில் ஒண்ணும் சொல்லித் தர மாட்டாங்க. நாலு வருஷம்தான் செல்லும். பையன் இன்னைக்கு முடிச்சிட்டு வேலை கிடைக்காம உட்கார்ந்தா அவனோட நாலு வருஷமும் வீட்டுலயே கரையும். தொழில் தெரிஞ்சவனை எடுக்கிற கம்பெனி பெரும்பாலும் தன் செலவுலயே அனுப்பி முடிக்க வைக்குது.

அந்த 1,800 ரியாலைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. 2021 மார்ச்சுல இருந்து கத்தார்ல எல்லா வேலைக்கும் சட்டப்படி குறைந்தபட்சம் 1,000 ரியால் சம்பளம். கம்பெனி தங்க இடம் கொடுக்கலைன்னா 500, சாப்பாடு கொடுக்கலைன்னா 300. மொத்தம் 1,800. அக்காவுக்கு வந்த லெட்டர்ல இருக்கிறது அந்தக் கணக்கு அப்படியே. ரிக்ல சோறும் படுக்கையும் கம்பெனிதான் தரும், அப்போ கைக்கு 1,000. ரியாலுக்கு 23 ரூபாய்னு வச்சுப் பார்த்தா மாசம் 23,000. நாலு லட்சத்தை அடைக்க ஒரு பைசா செலவழிக்காம ஒன்றரை வருஷம் பக்கம் ஆகும், வட்டி இல்லாமலே. நாட்டுலயே ஆகக் குறைந்த சம்பளத்துக்கு எதுக்கு விளையை ஈடு வைக்கணும்?

மார்த்தாண்டம் மச்சான்:
சம்பளக் கணக்கை ஒத்துக்கிறேன், அது மோசம்தான். ஆனா முதல் சம்பளத்தை வச்சு எல்லாத்தையும் அளக்காதீங்க. உள்ளே நுழைஞ்சவன் ரெண்டு வருஷத்துல மாறுவான். கத்தார்ல 2020-க்கு அப்புறம் வேற கம்பெனிக்கு மாற பழைய முதலாளிகிட்ட என்.ஓ.சி. வாங்க வேண்டியதில்லை.

தூத்தூர் கடலோடி:
மாறலாம் மக்கா, கையில முறையான விசா இருக்கவனுக்குத்தான் அந்தச் சட்டம். விசிட்ல போனவன் எதைக் காட்டி மாறுவான்?

எங்க கரைல இருந்து ஈரான், பஹ்ரைன், சவுதின்னு வள்ளத்துல மீன் பிடிக்கப் போறவங்க ஏராளம். கடலைப் பத்தி எங்க பயலுவளுக்கு எந்தச் சர்டிபிகேட்டும் சொல்லித் தர வேண்டாம். ஆனா 2020-ல் கொரோனா வந்தப்போ ஈரான்ல கரையேற முடியாம எத்தனை மாசம் கிடந்தாங்க! ஐ.என்.எஸ். ஜலஷ்வா போய் 687 பேரை ஏத்தி ஜூலை 1-ம் தேதி தூத்துக்குடில இறக்குச்சு. கடல் தெரிஞ்சவனுக்கே அந்தக் கதி.

வெல்டர் அண்ணன் ரிக்கை மட்டும்தான் சொல்லுதாரு. ஆஃப்ஷோர்ன்னா ரிக்குக்குச் சாமான் கொண்டுபோற சப்ளை போட்டும் உண்டு, கப்பலை இழுக்கிற டக்கும் உண்டு. அதுக்கு கப்பல்காரங்களுக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. பயிற்சி, சி.டி.சி.ங்கற மாலுமி அடையாளப் புத்தகம் வேணும். கப்பலுக்கு ஆள் எடுக்கிற கம்பெனிக்கு அரசாங்கக் கப்பல்துறை அலுவலகம் டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல்.ங்கற ஆள் எடுக்கிற லைசென்ஸ் இருக்கணும். கப்பல் தொழிலாளிகிட்ட வேலை வாங்கித் தந்ததுக்குக் காசு வாங்கவே கூடாதுன்னு சர்வதேசச் சட்டமே இருக்கு. பாஸ்போர்ட், மெடிக்கல், சி.டி.சி. இதுக்கு ஆகிற செலவு மட்டும்தான் நம்ம தலையில.

ஆபத்தையும் பேசணும். 2021 மே மாசம் தாக்தே புயல்ல மும்பைக் கடல்ல இருக்க மும்பை ஹை எண்ணெய் வயலுக்குப் பக்கத்துல ஆளுங்க தங்குற பி-305 பார்ஜ் முங்கி 70 பேருக்கு மேல செத்தாங்க. புயல் வருதுன்னு எச்சரிக்கை வந்த பொறவும் அந்தப் பார்ஜ் கடல்லயே நின்னுச்சு. 2017 ஒக்கியில ஆளைப் பறிகொடுத்த கரைக்காரன் சொல்லுதேன்: எந்தக் கம்பெனியோட பேர்ல, எந்த ஒப்பந்தத்துல கடல்ல நிக்கோம்னு தெரியாமப் போகக் கூடாது. செத்தா நஷ்டஈடு யாருகிட்ட கேக்கணும்னு வீட்டுல இருக்கவளுக்குத் தெரியணும்.

பாறசாலை டீச்சர்:
கேரளப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள், அதனால் இந்தக் காகிதங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

தம்பி பத்தாம் வகுப்பு பாஸ் என்பதால் அவனுடைய பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, இருக்காது. எல்லாரும் இதை நல்லது என்று நினைக்கிறார்கள். ஆனால் இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும், ஒப்பந்தத்தை அரசு பார்க்கும், 10 லட்ச ரூபாய் காப்பீடு கட்டாயம். டிப்ளமோ படித்த பையனுக்கு இது எதுவும் இல்லை. அவனுடைய ஒப்பந்தத்தை அவனைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அதனால்தான் விசிட் விசா ஏஜென்சிகள் படித்த பிள்ளைகளைக் குறி வைக்கின்றன என்பது என் எண்ணம்.

ஏஜென்சியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணும் பெயரும் முகவரியும் பொருந்த வேண்டும். "மும்பை ஆபீஸோட கிளை" என்று சொன்னால் அந்தக் கிளையும் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் வாங்கக் கூடாது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசு அலுவலகமான குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது, பளுகலில் இருந்து சென்னைக்கு ஓட வேண்டாம்.

மார்த்தாண்டம் மச்சான்:
டீச்சர், மரியாதையோட கேக்கேன். 30,000-க்கு ஹெல்பர் வேலைக்கு ஆள் அனுப்பின ஏஜென்சி ஒண்ணு நம்ம தாலுக்காவுல காட்டுங்க. "ஃப்ரீ ரெக்ரூட்மெண்ட்"னு விளம்பரம் வர்றதெல்லாம் வெல்டருக்கும் பைப் ஃபிட்டருக்கும்தான். தொழில் இல்லாத ஏழைப் பையன்கிட்டத்தான் லட்சக் கணக்குல பிடுங்குறாங்க. சட்டம் புத்தகத்துல இருக்கு. பையனுக்கு வயசு போகுது. இங்கே இருந்து அவன் என்ன செய்வான்? "போகாதே"ன்னு சொல்ற நீங்கதான் வழியையும் சொல்லணும்.

விளவங்கோடு இளைஞன்:
கத்தார் எதுக்கு? நார்வே, ஸ்காட்லாந்துன்னு முயற்சி பண்ணலாமே? சம்பளம் பல மடங்கு.

கருங்கல் வெல்டர்:
இளைஞன் தம்பி, பிரிட்டன் 2025 ஜூலையில வேலை விசாவுக்கான தகுதியைப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்திடுச்சு. ரௌஸ்டபவுட்டுக்கு அங்கே இருந்து விசா வராது. "அபர்டீன் ரிக்"னு ஜிமெயில்ல ஆஃபர் வந்து விசா கட்டணம் கேட்டா, பதில்கூடப் போடாதீங்க.

மச்சான் கேட்டது நியாயமான கேள்வி. நீங்களே பதிலையும் சொல்லிட்டீங்க: காசு வாங்காம எடுக்கிறது தொழில்காரனைத்தான். அப்போ நாலு லட்சத்துல சின்னப் பங்கைத் தொழிலுக்குப் போடுங்க. டிப்ளமோ படிச்ச பையன் முதல்ல ஒரு வருஷ அப்ரண்டிஸ் போகட்டும். மகேந்திரகிரி இஸ்ரோவுல எடுக்கிறாங்க, ஓ.என்.ஜி.சி. காரைக்கால்லயும் எடுக்கிறாங்க. உதவித்தொகை குறைவுதான், ஆனா பயோடேட்டாவுல அந்த ஒரு வரி நிக்கும். அப்புறம் ஒரு தொழிலைக் கையில பிடிக்கணும். வெல்டிங்னா 6ஜி வரைக்கும், குழாயை 45 டிகிரி சாய்ச்சு அசையாம வச்சுச் சுத்தியும் வெல்டு பண்ணி எக்ஸ்ரேல தேறணும். இல்லைன்னா பொருளை உடைக்காமக் குறை கண்டுபிடிக்கிற என்.டி.டி. சோதனையில லெவல் 2, டிப்ளமோக்காரனுக்கு அது நல்லாப் பொருந்தும். உயரத்துக்குப் பயமில்லைன்னா கயித்துல தொங்கி வேலை செய்யற ஐராட்டா.

அடுத்து கொச்சி ரிஃபைனரி ஷட்டவுன், அதாவது ஆலையை நிறுத்திவச்சுப் பராமரிக்கிற வேலை, அதுக்கப்புறம் கல்ஃப்ல ஷட்டவுன் வேலைகள். ரெண்டு மூணு மாச வேலைதான், ஆனா கம்பெனி விசாவுலயே கூட்டிட்டுப் போவாங்க. மும்பை ஹையில சர்வீஸ் கம்பெனி வழியாக் கடல்ல ஏறினாலும் அது ஆஃப்ஷோர் அனுபவம்தான். அப்போ போசியட் முடிச்சா நாலு வருஷமும் காசாகும்.

எண்ணெய்த் தொழில்ல வேலை எப்பவும் ஒரே மாதிரி இருக்காதுங்கறதையும் சொல்லணும். 2024-ல் சவுதி தன் எண்ணெய் உற்பத்தித் திறனை ஒரு நாளைக்கு 13 மில்லியன் பீப்பாயா உயர்த்துற திட்டத்தை நிறுத்தினதும் அந்நாட்டு அரசு எண்ணெய்க் கம்பெனி ஆராம்கோ வாடகைக்கு எடுத்திருந்த கடல் ரிக்குகள் வரிசையா நின்னுச்சு. ரிக் நின்னா முதல்ல இறக்கிவிடறது கைத்தொழில் இல்லாத ஆளைத்தான். தொழில் இருக்கிறவன் தரையிலயாவது பிழைப்பான்.

மார்த்தாண்டம் மச்சான்:
மூணு வருஷம் ஆகும் இதுக்கு. அதுவரைக்கும் வீட்டுல அடுப்பு எரியணுமே அண்ணே. எல்லா வீட்டுலயும் அப்படிப் பொறுக்க முடியாது. ஹெல்பரா முறையான விசாவுல, குறைஞ்ச காசுக்குப் போறதை நான் இப்பவும் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா விசிட் விசாவுக்கு நாலு லட்சம்ங்கறதுக்கு நான் ஆதரவு இல்லை, அதை இங்கே தெளிவா எழுதிடறேன்.

பளுகல் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. அந்த ஆபீசுக்கு இப்பம் போன் பண்ணிக் கத்தார் விசா சென்டர் அப்பாயின்ட்மென்ட் எப்பம்னு கேட்டேன். "அதெல்லாம் லேபருக்கு, இது ரிக் வேலை, வேற ரூட்"னு சொல்லுதாரு. பதிவு எண் கேட்டதுக்கு நேர்ல வாங்கன்னு சொல்லிட்டுக் கட் பண்ணிட்டாரு. அப்பாகிட்ட 1,000 ரியால் கணக்கைச் சொன்னேன். ஒண்ணும் பேசல்ல. ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு, தம்பிக்க ஒரிஜினல் பாஸ்போர்ட் போன வாரமே அவங்க கைல கொடுத்தாச்சு.

கருங்கல் வெல்டர்:
அக்கா, மத்த எல்லாத்தையும் விடுங்க, முதல்ல பாஸ்போர்ட். அது அரசாங்கச் சொத்து, பிடிச்சு வைக்க அவங்களுக்கு உரிமையே இல்லை. "கேன்சலேஷன் சார்ஜ்"னு ஏதாவது கேட்டாலும் கொடுக்காதீங்க. தர மறுத்தா நேரா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க, நகலைத் திருவனந்தபுரம் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அனுப்புங்க.

மார்த்தாண்டம் மச்சான்:
அப்பாவைத் தனியா அனுப்பாதீங்க அக்கா, பேசி மயக்கிருவாங்க. நாளைக்குக் காலைல நானும் களியக்காவிளை வரேன். தம்பியையும் கூட்டிட்டு வாங்க, அவன்தான் கேக்கணும்.

பளுகல் அக்கா:
சரி அண்ணே. பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கோம்.